லாஜிக் இடிக்காத சயின்ஸ் ஃபிக்‌ஷன்: முதல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத வருகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் படித்ததையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, முதல் இருபது நிமிடமும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரை வைத்துப் பாடம் எடுக்கிறார்கள். சிலர் "படம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று கிளைமாக்ஸில் காதில் பூச்சுற்றுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கதையை எழுதி முடித்துவிட்டு, கடைசியில் அதன்மேல் அறிவியலைப் பூசுவது. வரிசையை மாற்றினால் பாதித் தலைவலி போய்விடும். அந்த வரிசை கீழே இருக்கிறது. பத்து நிமிடக் குறும்படத்துக்கும் இதுவேதான், முழுநீளப் படத்துக்கும் இதுவேதான்.

1. ஒரே ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்து, அதைத் தாளில் எழுதுங்கள்

ஒன்லைன் (ஒரே வரியில் கதை) கிடைத்ததும் ட்ரீட்மென்டுக்கு (வசனம் இல்லாமல் கதையை விரித்து எழுதுவது) தாவாதீர்கள். ஒரு பக்கத் தாள் எடுத்து நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்தக் கதையில் நிஜ உலகில் இல்லாத ஒன்று எது? அது என்ன செய்யும்? என்ன செய்யவே செய்யாது? அதைப் பயன்படுத்துகிறவர் கொடுக்க வேண்டிய விலை என்ன? மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம். அவற்றுக்குப் பதில் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு கருவி மட்டும், கதை இன்னும் வரவில்லை.

காலப்பயணக் கதை என்றால் மூன்றில் ஒன்றை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். கடந்த காலத்தை மாற்றவே முடியாதா? மாற்றினால் நிகழ்காலமும் மாறுமா? இல்லை, மாற்றியதும் தனிக் கிளையாகப் பிரிந்துவிடுமா? முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதியில் இன்னொன்று என்று கலந்துவிட்டால் எந்த டயலாக்காலும் அதை ஒட்ட முடியாது. பார்வையாளருக்கு இயற்பியல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன விதியை நீங்களே மீறினால் எட்டாம் வகுப்புப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

அடுத்து, பொய்யை எங்கே வைப்பது? ஹீரோவைச் சிக்கலில் தள்ளும் பொய்யை மக்கள் மன்னிப்பார்கள், காப்பாற்றும் பொய்யை மன்னிக்க மாட்டார்கள். 2015-ல் வந்த 'தி மார்ஷியன்' படத்தில் செவ்வாயில் அடிக்கும் புயல் ராக்கெட்டைச் சாய்க்கப் பார்க்கிறது, அதனால்தான் குழுவினர் நாயகனைத் தனியே விட்டுச் செல்கிறார்கள். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டர் காற்று அடித்தாலும், உடம்பில் படும் தள்ளல் இங்கே 20 கிலோமீட்டர் காற்று தருவதுதான். ராக்கெட் சாய வாய்ப்பே இல்லை. மூலக் கதையை எழுதிய ஆண்டி வியரே இதைத் தெரிந்தேதான் வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். கதையின் வாசலில் வைத்த பொய் அது. உள்ளே போன பிறகு உருளைக்கிழங்கு, தண்ணீர், ஆக்ஸிஜன் எல்லாம் கணக்கோடு நடக்கின்றன. அதனால் படம் நிலைத்து நின்றது.

'கிராவிட்டி'யில் (2013) மன்னிக்கப்பட்ட பொய்யும் இருக்கிறது, மன்னிக்கப்படாத பொய்யும் இருக்கிறது. ஹப்பிள் தொலைநோக்கி ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்வில் சுற்றுகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டரில், 51.6 பாகையில் சுற்றுகிறது. படத்தில் காட்டுவதுபோல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சுற்றுப்பாதையின் சாய்வை மாற்றவே நொடிக்கு சுமார் 3 கிலோமீட்டர் வேகம் செலவாகும். முதுகில் மாட்டும் ஜெட் பை அதில் நூறில் ஒரு பங்கைத் தந்தாலே பெரிது. ஆனால் இந்தப் பொய் இல்லாவிட்டால் படமே இல்லை, மக்களும் விழுங்கிக்கொண்டார்கள். இயற்பியல் தெரிந்தவர்கள் இன்றும் முணுமுணுப்பது வேறு இடத்துக்கு: கயிற்றின் முனையில் நாயகன் நின்றுவிட்ட பிறகும் ஏதோ ஒன்று அவரை இழுத்துக்கொண்டே இருப்பதற்கு. உச்சக்கட்ட உணர்ச்சியை அந்த இழுவைமேல் ஏற்றி வைத்ததுதான் சிக்கல்.

ஆக, பொய்யை முதல் கால்வாசிக்குள் சொல்லிவிடுங்கள். ஒரு காட்சியில் காட்டுங்கள், பேசி விளக்காதீர்கள். தீர்வை அதன்மேல் கட்டாதீர்கள்.

2. எண் தாள் தயார் செய்யுங்கள்

ஒரு எக்செல் ஷீட் போதும். ஐந்து நெடுவரிசை: சீன் எண், அதில் வரும் அளவு, அலகு, எங்கிருந்து எடுத்தது, யார் சரிபார்த்தது. ட்ரீட்மென்ட் எழுதும்போதே இது பக்கத்தில் திறந்திருக்கட்டும். குறும்படத்துக்கு இரண்டு மாலை, முழுநீளத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பின்னால் செட்டிலும் எடிட்டிலும் மிச்சமாகும் நேரத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

விண்வெளிக் கதைகளில் திரும்பத் திரும்பத் தேவைப்படும் சில அளவுகள்:

நிலா: ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு. பேச்சு ஒரு வழி போக 1.3 நொடி. ஒரு பகல் ஏறக்குறைய நம் 14 நாள், இரவும் அப்படியே. 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கிய சந்திரயான்-3 லேண்டர் ஒரு நிலாப் பகலுக்கு மட்டும் திட்டமிடப்பட்டது இதனால்தான். உங்கள் கதையில் நிலாத்தளத்தில் "நாளைக்குக் காலையில் பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் காலை என்று கேள்வி வரும்.

செவ்வாய்: ஈர்ப்பு 38 விழுக்காடு. ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 நொடி. சிக்னல் ஒரு வழி போக, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். பயணம் ஆறு முதல் ஒன்பது மாதம். எரிபொருள் சிக்கனமாகக் கிளம்ப வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒரு முறைதான். "உடனே மீட்புக் கப்பலை அனுப்புங்கள்" என்ற டயலாக்கை எழுதும் முன் கடைசி எண்ணை ஒருமுறை பாருங்கள்.

விண்வெளி நிலையம்: ஒரு சுற்று ஏறக்குறைய 92 நிமிடம், ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம். அந்த உயரத்தில் ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் மிதக்கிறார்கள். "இங்கே ஈர்ப்பு இல்லை" என்று விஞ்ஞானி பாத்திரம் சொன்னால் அவர் விஞ்ஞானி இல்லை.

சுழலும் கப்பல்: நிமிடத்துக்கு 2 சுற்று சுழன்று பூமி அளவு ஈர்ப்பு வேண்டுமென்றால் ஆரம் சுமார் 224 மீட்டர். 4 சுற்று என்றால் 56 மீட்டர் போதும், ஆனால் தலை சுற்றும். வீட்டு ஹால் அளவு கப்பலைச் சுழற்றி எல்லாரையும் நிம்மதியாக நடக்கவிடாதீர்கள்.

வெற்றிடம்: உடம்பு வெடிக்காது, உடனே உறையவும் உறையாது. 1960-களில் நாசாவின் வெற்றிட அறையில் நடந்த ஒரு சோதனையில் உடையின் குழாய் கழன்று, உள்ளே இருந்தவர் சுமார் 14 நொடியில் மயங்கினார், பிழைத்தும் கொண்டார். நாக்கில் எச்சில் கொதித்தது கடைசியாக நினைவில் இருப்பதாகச் சொன்னார். பதினான்கு நொடி என்பது ஒரு சீனுக்கு அருமையான நீளம். வெடிக்கும் தலையைவிட இது எவ்வளவோ மேல்.

சில பழைய குப்பைகளை இப்போதே அடித்துவிடுங்கள். மனிதன் மூளையில் பத்து விழுக்காடுதான் பயன்படுத்துகிறான் என்பது கட்டுக்கதை. ஒளியாண்டு தூரத்தின் அளவு, காலத்தின் அளவு இல்லை. மரபணு மாறி ஐந்து நிமிடத்தில் தோல் நிறம் மாறாது. "குவாண்டம்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் பொருள் மாறவில்லையென்றால் அது அங்கே தேவையில்லை.

3. எண்ணிலிருந்து சீன் எடுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அளவுகளைத் தப்பு வராமல் தடுக்கும் வேலி என்று நினைக்கிறார்கள். அவைதான் கதையின் இயந்திரம்.

ஒரு மாதிரி பார்ப்போம். செவ்வாய்த் தளத்தில் மகள், தூத்துக்குடியில் அம்மா. முதல் டிராஃப்டில் பொதுவாக இப்படி வரும்:

"அம்மா, கதவு திறக்கலம்மா, மூச்சு முட்டுது!"
"பதறாதடி. கட்டுப்பாட்டு அறையில சொல்றாங்க, இடது பக்க வால்வைத் திருப்பு!"
"திருப்பிட்டேன்… திறந்துடுச்சு!"

பக்கத்துத் தெருவுக்கு போன் போட்ட மாதிரி இருக்கிறது. இப்போது எண் தாளைத் திறங்கள். அன்றைக்குத் தூரம் 21 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்தால், சிக்னல் ஒரு வழி போக 12 நிமிடம். கேள்வி போய்ப் பதில் வர 24. அறையில் காற்று 20 நிமிடத்துக்கு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். சீன் தானாக மாறிவிடும். மகளுக்குக் கேட்கும்போதே தெரியும், பதில் வந்து சேராது. அப்படியென்றால் அவள் உதவி கேட்பாளா, வேறு எதையாவது சொல்வாளா? "மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்கலாம். இந்தப் பக்கம் அம்மா திரையில் பார்க்கும் மகள் 12 நிமிடத்துக்கு முந்தைய மகள். இவர் கத்துவது அங்கே போய்ச் சேரும்போது முடிவு தெரிந்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். உபகரணமும் செலவும் ஏறவில்லை, ஒரு எண்ணைத்தான் மதித்தோம்.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. ஒரு கோளில் ஒரு மணி நேரம், பூமியில் ஏழு ஆண்டு. இந்த விகிதம் வந்த பிறகு, திரும்பி வந்து 23 ஆண்டுகளின் வீடியோச் செய்திகளை ஒரே உட்காரலில் பார்க்கும் அப்பா வந்தே தீர வேண்டும். படத்தில் விளக்க வசனம் ஏராளம், சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறது. அந்த ஒரு காட்சி எல்லாவற்றையும் மன்னிக்க வைக்கிறது.

உங்கள் எண் தாளின் ஒவ்வொரு வரிக்கும் நேராகக் கேளுங்கள்: இந்த அளவால் யாருக்கு என்ன கை நழுவுகிறது? பதில் இருக்கும் வரிகள் சீனாகட்டும். மற்றவை செட்டிலும் பின்னணியிலும் போகட்டும், டயலாக்கில் வர வேண்டாம்.

நேரம் இரண்டு வேகத்தில் ஓடும் கதைக்குத் தனியாக ஒரு காலத் தாள் வேண்டும். ஒரு நெடுவரிசையில் கப்பல் நேரம், இன்னொன்றில் பூமி நேரம், மூன்றாவதில் ஒவ்வொரு பாத்திரத்தின் வயது. கண்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி) பார்க்கிற உதவி இயக்குநர் இதைக் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்.

4. ஆலோசகரை ட்ரீட்மென்ட் கட்டத்திலேயே பிடியுங்கள்

ஷூட்டிங்குக்குப் பத்து நாள் முன்னால் ஒரு பேராசிரியரிடம் பவுண்ட் ஸ்கிரிப்டை (முழுதாக எழுதி முடித்த பிரதியை) நீட்டி "சரியா இருக்கா சார்" என்று கேட்பது வழக்கமான தவறு. அந்த நேரத்தில் அவர் என்ன சொன்னாலும் உங்களால் மாற்ற முடியாது. இன்டர்ஸ்டெல்லருக்கு ஆலோசகராக இருந்த கிப் தோர்ன் (2017-ல் இயற்பியல் நோபல் பெற்றவர்) ஆரம்பத்திலேயே இரண்டு நிபந்தனை வைத்தார். உறுதியாக நிறுவப்பட்ட விதி எதையும் மீறக்கூடாது. கற்பனை எவ்வளவு தூரம் பறந்தாலும் அது அறிவியலிலிருந்து கிளம்ப வேண்டும். ஒளியை மிஞ்சும் வேகத்தில் ஒரு பாத்திரம் போவதை இயக்குநர் நோலன் விரும்பியபோது, அதைக் கைவிட வைக்கத் தோர்னுக்கு இரண்டு வாரம் ஆனது. ஏழு ஆண்டு விகிதத்தில் நோலன் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் முடியாது என்று நினைத்த தோர்ன், கணக்குப் போட்டுப் பார்த்து, கருந்துளை ஏறக்குறைய உச்ச வேகத்தில் சுழன்றால் நடக்கும் என்று வழி கண்டுபிடித்தார். இரண்டுமே ஸ்கிரிப்ட் கட்டத்தில் நடந்ததால்தான் பயன்பட்டன.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அகாடமி 2008 முதல் இதற்கென்றே ஒரு அமைப்பை நடத்தி, படக்குழுக்களையும் விஞ்ஞானிகளையும் இணைக்கிறது. இங்கே நீங்களே தேடிப் போக வேண்டும். வானியல் என்றால் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், இயற்பியல், கணிதம் என்றால் தரமணி கணித அறிவியல் நிறுவனம், மற்றவற்றுக்கு உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத் துறைகள். இவற்றின் இணையப் பக்கங்களில் ஆய்வாளர்கள் பெயரும் துறையும் இருக்கும். இயக்குநர், துறைத் தலைவர் என்று மேலே போகாதீர்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்கு எழுதுங்கள். நேரமும் ஆர்வமும் அவர்களிடம்தான் இருக்கும். துறை பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். வைரஸ் கதைக்கு வானியலாளர் உதவ மாட்டார்.

மெயில் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது: நீங்கள் யார், ஒன்லைன், எத்தனை நிமிடப் படம், எப்போது ஷூட்டிங், அவருடைய நேரம் எவ்வளவு தேவை, பணம் தர முடியுமா. முழு ஸ்கிரிப்டை இணைக்காதீர்கள். எண் தாளையும் ஐந்து கேள்வியையும் இணையுங்கள். கேள்வி கேட்கும் விதம் முக்கியம். "இது நடக்குமா" என்று கேட்டால் "நடக்காது" என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். "இது நடக்க வேண்டுமென்றால் வேறு எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் இரண்டு சீனாவது கிடைக்கும். இரண்டு வாரம் பதில் வரவில்லையென்றால் ஒரு முறை நினைவூட்டிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.

ஒரு மணி நேர போன் பேச்சுக்குப் பலர் பணம் கேட்க மாட்டார்கள். ஸ்கிரிப்ட் முழுக்கப் படிக்கச் சொன்னால், செட்டுக்கு அழைத்தால், பணம் கொடுங்கள், பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். ஒரு பக்க ஒப்பந்தக் கடிதம் கட்டாயம். அதில் நான்கு விஷயம்: தொகை, கதையை வெளியில் சொல்லாமை, அவர் சொன்ன யோசனைகளை ஸ்கிரிப்டில் பயன்படுத்த அனுமதி, டைட்டிலில் பெயர். படம் பார்த்த பிறகு "என் பெயர் வேண்டாம்" என்று சொல்லும் உரிமையையும் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னதைக் கேட்காமல் எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டால், அவருடைய சக ஆய்வாளர்கள் முன்னால் மாட்டுவது அவர்தான்.

5. செட்டில் சொதப்பும் இடங்கள்

குறைந்த ஈர்ப்பைக் காட்ட கேபிள் கட்ட வசதியில்லையென்றால் ஃபிரேம் ரேட் கைகொடுக்கும். நிலாவுக்கு விநாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டுங்கள், செவ்வாய்க்கு 39. எல்லாம் ஈர்ப்பின் வர்க்கமூலக் கணக்கு. குதிப்பது, பொருள் விழுவது, கால் வைப்பது ஆகிய ஷாட்டுகளுக்கு மட்டும் இதை வையுங்கள். நடிகர் கை ஆட்டும் ஷாட்டில் கையும் மந்தமாகிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிலாவில் காற்று இல்லாததால் தூசி புகை மாதிரி எழும்பி நிற்காது. எறிந்த கல்போல வளைந்து போய் விழும். செட்டில் பொடி மண்ணைக் கொட்டினால் மேகமாகக் கிளம்பி ஷாட்டைக் கெடுக்கும். சலித்த பருமணலை லேசாக ஈரப்படுத்திப் பயன்படுத்துங்கள். நிலாப் பகலில் வானம் கறுப்பு, ஆனால் வெளிச்சமான தரைக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் நட்சத்திரம் பதியாது. வி.எஃப்.எக்ஸ். செய்கிறவர் அழகுக்காக நட்சத்திரத்தைத் தூவுவார், கண்காணியுங்கள்.

ஒலியை மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வெற்றிடத்தில் ஒலி பரவாது. ஆனால் விண்வெளி வீரர் ஒன்றைத் தொட்டால் அதிர்வு உடைக்குள் வரும். மூச்சு, ரேடியோ, தொடும் பொருளின் மந்தமான அதிர்வு: இந்த மூன்றை வைத்தே ஒரு சண்டைக் காட்சியை நடத்தலாம். இதை ஸ்கிரிப்டிலேயே எழுதினால்தான் இசையமைப்பாளர் அந்த இடத்தைக் காலியாக விடுவார்.

ஹெல்மெட்டுக்குள் முகத்தில் விளக்கு அடிப்பது நிஜத்தில் கிடையாது. சினிமாவில் வையுங்கள். நடிகரின் கண் தெரியாத ஷாட்டால் யாருக்கும் லாபமில்லை.

6. செலவுக் கணக்கு

பணம் இல்லாததால் இந்த வகைப் படம் எடுக்க முடியாது என்பது சாக்கு. 2004-ல் சண்டான்ஸ் விழாவில் முதன்மைப் பரிசு வாங்கிய காலப்பயணப் படமான 'ப்ரைமர்' எடுக்க ஆன செலவு சுமார் 7,000 டாலர். 'கோஹரன்ஸ்' (2013) இயக்குநரின் வீட்டிலேயே ஐந்து இரவில் எடுக்கப்பட்டது. விதி கறாராக இருந்தால் ஒரு ஹால் போதும்.

கிராஃபிக்ஸ் வேண்டுமென்றால் ஸ்டோரிபோர்டு கட்டத்திலேயே பெருக்கிப் பாருங்கள். பத்து நொடி ஷாட் என்பது 240 ஃபிரேம். உங்கள் கம்ப்யூட்டரில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு ஃபிரேமுக்குப் பத்து நிமிடம் ஆனால் 40 மணி நேரம். திருத்தம் குறைந்தது மூன்று முறை வரும், அதற்கும் சேர்த்துப் பெருக்குங்கள். இன்டர்ஸ்டெல்லரின் கருந்துளையில் சில ஃபிரேம்களுக்கு 100 மணி நேரம் வரை ஆனது, அதுவும் பெரிய ரெண்டர் பண்ணையில் (படங்களை உருவாக்கவே வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கூட்டத்தில்). பிளெண்டரும் வானத்தைத் தேதி வாரியாகக் காட்டும் ஸ்டெல்லேரியமும் இலவசம். நாசா தன் கப்பல்களின் முப்பரிமாண மாடல்களையும் இலவசமாக வைத்திருக்கிறது.

7. அனுமதியும் பதிவும்

நாசாவின் படங்கள், வீடியோக்கள் பொதுவாகப் பதிப்புரிமை இல்லாதவை. நன்றி போட்டுப் பயன்படுத்தலாம். அதன் லோகோவை அனுமதியில்லாமல் போடக் கூடாது. அடையாளம் தெரியும் வீரர்களின் முகத்துக்கும் தனி அனுமதி வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் படங்களில் ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேறு, பக்கத்தின் அடியில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இஸ்ரோவின் பெயரும் லோகோவும் வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வ அனுமதி கேளுங்கள். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லையென்றால் கற்பனையாக ஒரு நிறுவனத்தை உருவாக்கி, லோகோ வரைந்துவிடுவது சுலபம்.

ஸ்கிரிப்டை வெளியே கொடுக்கும் முன் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலக்கியப் படைப்பு என்ற பிரிவில், படிவம் 14-ஐ நிரப்பி 500 ரூபாய் கட்ட வேண்டும். டைரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) உடனே வந்துவிடும். அதன்பின் ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பு, பிறகுதான் பரிசீலனை. எனவே சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்காகும். தயாரிப்பாளரைப் பார்க்கப் போகும்போது டைரி எண்ணாவது கையில் இருக்கட்டும். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினரானால் அங்கேயும் பதியலாம்.

"கருந்துளைக்குள் போகும் அப்பா" என்ற வெறும் கருவுக்குப் பாதுகாப்பு கிடைக்காது, எழுதிய வடிவத்துக்குத்தான் கிடைக்கும். அதனால் ஒன்லைனைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சீன் வாரியாக, வசனத்தோடு, முதல் படியில் எழுதிய விதித் தாளையும் ஸ்கிரிப்டின் முதல் பக்கமாகச் சேர்த்து ஒரே பி.டி.எஃப்.-ஆகப் பதியுங்கள். ஆலோசகரின் ஒப்பந்தக் கடிதத் தேதி இந்தப் பதிவுக்கு முந்தையதாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.